இனிப்பு சென்ட் பூசுகிறவர் இனிப்பானவரா?

வனிலா பிடித்தவர்கள் கள்ளமில்லாதவர்கள்; கேரமல் வாசனை பூசுகிறவர்கள் எல்லோரையும் அரவணைத்துக்கொள்வார்கள்; சாக்லேட்டும் காபியும் மணக்கிறவர்கள் கொஞ்சம் ஆபத்தானவர்கள். சென்ட் விற்கிறவர்களும் பத்திரிகைகளின் ‘உங்கள் குணம் என்ன?’ பகுதிகளும் ராசிபலன் தோரணையில் இப்படிச் சொல்லிவருவது புதிதல்ல. இதற்கு மறுபக்கமும் உண்டு. அலுவலக லிஃப்டில் பஞ்சுமிட்டாய் வாசனை அடித்தால் ‘இந்த வயசுல இது தேவையா?’ என்று மனதுக்குள் முகம் சுளிக்கிறவரும் அதே கணக்கைத்தான் போடுகிறார். புகழ்கிறவர், சுளிக்கிறவர் இருவருக்குமே சென்ட் என்பது ஆளின் குணத்துக்குச் சாட்சி. அந்தச் சாட்சி செல்லாது என்பது என் கட்சி. இனிப்பு வாசனை அதைப் பூசியவரின் உள்ளத்தைப் பற்றி மிகக் கொஞ்சமே சொல்கிறது. முகர்கிறவர் எந்தச் சமையலறையில் வளர்ந்தார், விற்றவர் எந்தக் கதையோடு விற்றார் என்பதைப் பற்றித்தான் நிறையச் சொல்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரு பாட்டிலை மேசைமேல் வைத்துப் பார்ப்போம். 1992-இல் பிரான்சின் உடை வடிவமைப்பாளர் தியரி முக்லர் தன் பெயரில் ‘ஏஞ்சல்’ என்ற சென்ட்டை வெளியிட்டார். சிறுவயதில் திருவிழாத் திடலில் முகர்ந்த பஞ்சுமிட்டாய், கேரமல், சாக்லேட் வாசனைகள் அதில் வேண்டும் என்பது அவர் விருப்பம். அதைக் கலவையாக்கியவர் ஒலிவியே கிரெஸ்ப். கையில் எடுத்த முக்கியச் சரக்கு எத்தில் மால்ட்டால் என்ற வெண்பொடி. சர்க்கரை பாகுபதம் தாண்டி, நிறம் சிவந்து, இன்னும் ஒரு நிமிடம் விட்டால் கருகிவிடும் என்ற கட்டத்தில் அடுப்பிலிருந்து எழும் வாசனை அதற்கு. உணவுத் தொழிலில் சுவையூட்டியாக ஏற்கெனவே புழங்கிய பொருள்தான். அதைத் துணிந்து அள்ளிப் போட்டதும், எதிரில் பச்சோலி எண்ணெயை அதே துணிச்சலோடு நிறுத்தியதும்தான் புதுமை. பச்சோலி துளசிக் குடும்பத்துச் செடி. காய்ந்த இலையை வாலையில் வடித்தால் ஈர மண்ணும் பழைய மரப்பெட்டியும் கலந்த வாடை வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீர் சால்வைகளைப் பூச்சி அரிக்காமலிருக்க இந்த இலையோடு மடித்துத்தான் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அந்த வாடை இருந்தால்தான் அசல் சால்வை என்று அங்கே நம்பும் அளவுக்குப் போனது. பிறகு 1960-களில் அது ஹிப்பிகளின் அடையாளமானது. ஏஞ்சலைத் தோலில் அடித்தவுடன் வருவது சர்க்கரையும் பழமும். ஓரிரு மணி நேரம் கழித்து அடியிலிருந்து அந்த மண்வாடை எழும்பி வரும். நட்சத்திர வடிவ பாட்டில், உள்ளே வெளிர்நீலத் திரவம். பெண்களுக்கான சென்ட்டுக்கு அன்று பழக்கமே இல்லாத நிறம். வந்த புதிதில் மூக்கைப் பொத்தியவர்கள் ஏராளம். ஆனாலும் சில ஆண்டுகளில் பிரான்சின் விற்பனைப் பட்டியலில் ‘ஷனேல் எண் 5’-உடன் மோதும் இடத்துக்கு அது வந்துவிட்டது. தின்பண்ட வாசனைகளுக்குத் தொழிலில் ‘கூர்மாண்ட்’ என்று தனி வகையே பிறந்தது.

இந்தச் சென்ட்டைப் பூசியவர் யார்? குழந்தைத்தனமானவரா, ஹிப்பியா, விளம்பரத்தில் வந்த ஜெர்ரி ஹால் மாதிரி உயரமான மாடலா? பாட்டிலுக்குள்ளேயே மூன்று பதிலும் இருக்கின்றன. எதைக் கேட்க விரும்புகிறோமோ அதை எடுத்துக்கொள்கிறோம். ‘தேவதை’ என்று பெயர் வைத்துவிட்டு, விளம்பரத்தில் அவளிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி சொன்ன கெட்டிக்காரத்தனத்தையும் கவனியுங்கள். அப்பாவியாகவும் இருக்கலாம், ஆளை அசத்துகிறவளாகவும் இருக்கலாம் என்றால் எந்தப் பெண்தான் அந்த வருணனைக்கு வெளியே நிற்பாள்?

சற்றுப் பின்னால் போனால் இந்த அடையாளங்கள் எவ்வளவு எளிதில் இடம் மாறுகின்றன என்பது தெரியும். வனிலாவின் உயிரான வெனிலினை 1874-இல் ஜெர்மனியில் டீமன், ஹார்மன் என்ற இரு வேதியியலாளர்கள் ஊசியிலை மரச் சாற்றுப் பொருளிலிருந்து செய்துகாட்டினார்கள். 1889-இல் கெர்லன் நிறுவனம் வெளியிட்ட ‘ஜிக்கி’யில் செயற்கைப் பொருள்கள் சேர்ந்தன. 1925-இல் ஜாக் கெர்லன் வெனிலினைவிட வீரியமான எத்தில் வெனிலினைத் தாராளமாக ஊற்றி ‘ஷாலிமார்’ செய்தார். ஷாஜகான், முகலாயத் தோட்டம், இரவு என்று அதற்கு ஒரு கதை கட்டப்பட்டது. அன்றைக்கு வனிலா வாசனை பூசிய பெண் வயதுவந்தவள், மர்மமானவள், கண்ணியமான குடும்பத்துப் பாட்டிகள் சந்தேகமாகப் பார்க்கும் ரகம். அதே வனிலா எண்பது ஆண்டுகள் கழித்துக் கப்கேக் படம் போட்ட பாடி ஸ்பிரேயில் வரும்போது பள்ளிக்கூடப் பெண்ணின் அடையாளமாகிவிட்டது. மூலக்கூறு அதேதான், கூட வந்த கதைதான் மாறியிருக்கிறது. குணம் வாசனையிலேயே குடியிருந்தால் இப்படி வீடு மாறியிருக்காது.

‘கதையை விடுங்கள், இனிப்பு என்பது எல்லோருக்கும் பொதுவான சுகம், தாய்ப்பாலிலிருந்தே வருவது, அதனால் இனிப்பு மணம் எங்கும் அன்பையே குறிக்கும்’ என்று ஒருவர் வாதிடலாம். நாக்கைப் பற்றிச் சொன்னால் இது சரி. பிறந்த குழந்தைக்கும் சர்க்கரை பிடிக்கும். ஆனால் மூக்குக்கு இனிப்பு தெரியாது. இனிப்பு, புளிப்பு, உப்பு எல்லாம் நாக்கின் வேலை. வெனிலின் பொடியை நாக்கில் வைத்தால் இனிக்காது, லேசாகக் கசக்கும். ஒரு வாசனையை நாம் இனிப்பு என்று சொல்வது, அது இனிப்போடு சேர்ந்தே வந்து பழகியதால். ஆஸ்திரேலியாவில் ஸ்டீவன்சன், பிரெஸ்காட், போக்ஸ் ஆகியோர் 1990-களில் இதைச் சோதித்தார்கள். அங்குள்ளவர்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத லிச்சிப்பழ வாசனையையும் நீர்க்கொட்டை வாசனையையும் எடுத்துக்கொண்டு, ஒன்றைச் சர்க்கரைத் தண்ணீரிலும் மற்றதைப் புளிப்புத் தண்ணீரிலும் கலந்து சில முறை குடிக்கவைத்தார்கள். பிறகு வாசனையை மட்டும் முகரச் சொன்னபோது, சர்க்கரையோடு வந்த வாசனை முன்னைவிட இனிப்பாகவும் புளிப்போடு வந்தது முன்னைவிடப் புளிப்பாகவும் மணப்பதாகச் சொன்னார்கள். சில மிடறுகளில் நடந்தது இது. ஒருவர் இருபது முப்பது ஆண்டு சாப்பிட்டு வளர்ந்த சமையல் அவர் மூக்கை எவ்வளவு பழக்கியிருக்கும்!

இதற்குத் தமிழ்நாட்டுச் சாட்சியே போதும். பச்சைக் கற்பூரத்தை முகர்ந்தால் நமக்குச் சர்க்கரைப் பொங்கலும் பெருமாள் கோயில் தீர்த்தமும் திருப்பதி லட்டும் நினைவுக்கு வரும். அது இனிப்பு வாசனை. ஐரோப்பாவில் வளர்ந்தவருக்கு அதே வாசனை நெஞ்சுச் சளிக்கான களிம்பு அல்லது பீரோவுக்குள் போடும் உருண்டை. தலைகீழாகவும் நடக்கும். அமெரிக்கர்களுக்கு மிட்டாயிலும் சூயிங்கத்திலும் பழகிய விண்டர்கிரீன் மணம் நமக்கு முழங்கால் வலிக்குத் தேய்க்கும் தைலம். பாரிஸில் ஒருவர் பாதாம் கேக்கை நினைத்து ஒரு சென்ட்டைச் செய்ய, அதே பாட்டில் திருச்சியில் ஒருவருக்குப் பாதாம்பால் கடையை நினைவூட்ட, இன்னொருவருக்கு இருமல் மருந்தை நினைவூட்டலாம். மூவரும் பூசியவரின் குணத்தை எடைபோட்டால் மூன்று குணம் வரும். பூசியவர் ஒருவர்தான்.

ஆண்களின் பாட்டில்களுக்கு வந்தால் வேடிக்கை இன்னும் கூடும். இனிப்பு மணம் பெண்மையின் அடையாளம் என்று பேசப்பட்ட அதே காலத்தில், 1995-இல் ழான் போல் கோத்தியேவின் ‘லெ மால்’ வந்தது. பிரான்சிஸ் குர்க்ஜியான் என்ற இளைஞர் செய்தது; புதினா, லாவண்டர், அடியில் வண்டி வண்டியாக வனிலா. ஆனால் பாட்டில் கட்டுடல் கொண்ட கடலோடியின் மார்பு வடிவம். மறு ஆண்டு முக்லரே ஏஞ்சலுக்கு ஜோடியாக ஆண்களுக்கு ‘ஏ மென்’ வெளியிட்டார். காபியும் கேரமலும் பச்சோலியும்தான், கொஞ்சம் தார் வாடை கூடுதல். 2008-இல் பாக்கோ ரபான் நிறுவனம் இலவங்கப்பட்டை மணக்கும் இனிப்பைத் தங்கக் கட்டி வடிவப் பாட்டிலில் அடைத்து ‘ஒன் மில்லியன்’ என்று விற்றது. இவற்றைப் பூசிய ஆண்களை யாரும் குழந்தைமனம் கொண்டவர்கள் என்று சொல்லவில்லை. வீரர்கள், பணக்காரர்கள் என்றுதான் விளம்பரம் சொன்னது, ஊரும் நம்பியது. வளைகுடா நாடுகளில் இந்தப் பிரச்சினையே கிடையாது. அங்கே ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கனத்த, இனித்த அத்தர்களைத்தான் பூசுகிறார்கள். துபாயின் லத்தாஃபா நிறுவனம் 2022-இல் கொண்டுவந்த ‘கம்ரா’ பேரீச்சம்பழமும் இலவங்கப்பட்டையும் வனிலாவுமாக மணக்கிறது. ஆண், பெண் இருவருக்கும் பொது. வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்களின் பெட்டிகளில் இப்படிப்பட்ட பாட்டில்கள் வருகின்றன. வீட்டில் அப்பாவும் மகளும் ஒரே பாட்டிலை மாற்றி மாற்றி அடித்துக்கொள்ளும்போது, கேரமல்காரர்களின் குணச்சித்திரத்தை யார் தலையில் வைப்பது?

உளவியலில் இதற்கு ஆதாரம் தேடாமல் இல்லை. 1980-களில் ஜெர்மனியில் யோகிம் மென்சிங், கிறிஸ்டா பெக் இருவரும் குணத்துக்கும் விருப்ப வாசனைக்கும் தொடர்பு தேடினார்கள். அவர்கள் வரைந்த படத்தில், கலகலப்பானவர்கள் எலுமிச்சை போன்ற புத்துணர்ச்சி வாசனைகளை நாடினார்கள். வனிலா, பிசின் மணக்கும் கனத்த இனிப்புகளை நாடியவர்கள் உள்ளொடுங்கியவர்கள். இன்றைய விற்பனைப் பேச்சு சொல்வதற்கு நேர் எதிர். இனிப்பு பூசுகிறவர் கூட்டத்தின் நடுவில் சிரித்துக்கொண்டு நிற்பவர் என்கிறது விளம்பரம். ஓரமாக உட்கார்ந்திருப்பவர் என்றது அந்த ஆய்வு. இரண்டையும் படிக்கிற வாசகிக்கு இரண்டும் பொருந்துவதாகவே தோன்றும். அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் 39 மாணவர்களுக்கு ஒரு குணத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு அறிக்கை கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னதில் சராசரி 5-க்கு 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே அறிக்கை. அதன் வாக்கியங்களில் பெரும்பகுதி கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. ‘வெளியில் உறுதியானவர், உள்ளே மென்மையானவர்’ என்று சென்ட் அட்டையில் எழுதியிருந்தால் அதை மறுக்கிற மனிதர் இன்னும் பிறக்கவில்லை.

இதுவரை சொன்னதற்கு எதிராக எடை உள்ள வாதம் ஒன்று உண்டு. மனித உடலின் இயற்கை வாசனையே குணத்தைக் காட்டிக்கொடுக்கிறது என்று போலந்தின் விரோட்ஸ்வாஃப் பல்கலைக்கழகத்தில் அக்னியெஷ்கா சோரோகோவ்ஸ்காவும் சகாக்களும் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சோப்பு, சென்ட் எதுவும் இல்லாமல் மூன்று இரவு ஒரே பருத்திச் சட்டையை அணிந்தவர்களின் சட்டைகளை மற்றவர்கள் முகர்ந்து குணத்தை ஊகித்தார்கள். கலகலப்பு, பதற்றம், ஆதிக்கம் ஆகிய மூன்றில் ஊகம் குருட்டாம்போக்கைவிடச் சற்றுக் கூடுதலாகச் சரியாக இருந்தது. அதே ஆண்டு பிராகில் நடந்த இன்னோர் ஆய்வு, ஒருவர் தானே தேர்ந்தெடுத்த சென்ட் அவருடைய உடல்வாசனையோடு கலக்கும்போது, ஆய்வாளர்கள் கொடுத்த சென்ட் கலப்பதைவிட மற்றவர்களுக்கு இதமாக மணக்கிறது என்று காட்டியது. ஆக, உடல் கொஞ்சம் பேசுகிறது, நாமும் நம் உடலுக்கு ஒத்துப்போகிற சென்ட்டைத் தெரியாமலே பொறுக்குகிறோம் என்றால், தேர்வில் குணம் கலந்திருக்காதா?

இந்த ஆய்வுகளை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அவை எதைச் சொல்கின்றன என்பதை ஒட்டிப் படிக்கவேண்டும். போலந்து சட்டைகளில் பேசியது வியர்வை, வனிலா இல்லை. சென்ட் அந்தக் குரலின் மேல் விழும் போர்வை. பிராக் ஆய்வு காட்டுவது, நம் தோலுக்கு எது சேரும் என்பதில் நமக்கு ஒரு திறமை இருக்கிறது என்பதைத்தான். எந்த நிறச் சட்டை தன் மேனிக்கு எடுக்கும் என்று தெரிந்து வாங்குகிறவரிடம் இருப்பதும் அந்தத் திறமைதான். அதை வைத்து அவர் நேர்மையானவரா, கருமியா என்று யாரும் கணிப்பதில்லை. ‘தேர்வு என்றால் குணம்’ என்ற சமன்பாடு தேர்வின் மற்றக் காரணங்களை எல்லாம் விழுங்கிவிடுகிறது. அக்கா கொடுத்த பாட்டில், விமான நிலையத்தில் தள்ளுபடியில் கிடைத்தது, நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்று சொன்னது, கையில் இருந்த பணம் என்று பாதித் தேர்வு இப்படித்தான் நடக்கிறது.

இன்னொரு கேள்விக்கும் குணவாதிகள் பதில் வைத்திருக்க வேண்டும். 1992-க்கு முன்னால் தின்பண்ட வாசனை பூசுகிறவர்கள் இந்த அளவில் உலகில் இல்லை. இன்று ஏதாவதொரு பெரிய கடையின் சென்ட் அலமாரியில் நான்கு பாட்டிலைத் திறந்தால் ஒன்றிலாவது கேரமல் அடிக்கும். இடையில் மனித குணம் மாறிவிட்டதா? மாறியது சந்தை. மதுரை, திண்டுக்கல் பக்கத்து மல்லிகையிலிருந்து எடுக்கும் சாற்றோடு ஒப்பிட்டால் எத்தில் மால்ட்டால் அடிமாட்டு விலை. அதனால் இனிப்பு வாசனை மளமளவென்று மலிவு பாட்டில்களில் இறங்கியது. 2004-இல் ‘பிங்க் சுகர்’, 2005-இல் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் ‘ஃபேன்டசி’ என்று வந்து, ஒரு தலைமுறை அமெரிக்கப் பெண்பிள்ளைகள் மொத்தமாகச் சர்க்கரை மணத்தார்கள். உடனே ‘மலிவு, சின்னப் பெண்கள் சமாச்சாரம்’ என்று முத்திரை விழுந்தது. பத்தாண்டில் அந்த முத்திரையும் கழன்றது. பக்காரா என்ற பிரெஞ்சுப் படிகக் கண்ணாடி நிறுவனத்தின் 250-ஆம் ஆண்டுக்காக, முன்பு கடலோடி பாட்டிலுக்குள் இருந்த சென்ட்டைச் செய்த அதே குர்க்ஜியான், 250 பாட்டில் மட்டும் என்று ஒரு சென்ட் செய்தார். அது 2015-இல் ‘பக்காரா ரூஜ் 540’ என்று பொதுவிற்பனைக்கு வந்தது. குங்குமப்பூ, மரம் என்று என்னென்னவோ சொன்னாலும் அதன் நடுவில் இருப்பது நமக்குத் தெரிந்த கருகும் சர்க்கரைதான். விலை எட்டாத உயரம். இப்போது அந்த இனிப்பை முகர்கிறவர்கள் ‘வசதியான ஆள்’ என்று முடிவுகட்டுகிறார்கள். மல்லிகைப்பூ வைத்த பெண்கள் நிறைந்த பேருந்தில் ஏறி, ‘இவர்கள் எல்லோரும் ஒரே குணம்’ என்று சொல்பவரை நாம் மேலும் கீழும் பார்ப்போம். மல்லிகை நம் வழக்கம் என்று நமக்குத் தெரியும். கேரமல் வாசனையும் ஒரு வழக்கம்தான். வந்து முப்பது சொச்சம் ஆண்டுகள் ஆகின்றன என்பதுதான் வித்தியாசம்.

அப்படியானால் சென்ட்டுக்கும் மனிதருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லிவிடலாமா? அதுவும் தவறு. உறவு இருக்கிறது, அது எதிர்த்திசையில் ஓடுகிறது. இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் கிரேக் ராபர்ட்ஸ் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சில ஆண்களுக்கு வாசனையுள்ள ஸ்பிரேயும் சிலருக்கு வாசனையில்லாத ஸ்பிரேயும் கொடுத்தார்கள். வாசனை அடித்துக்கொண்டவர்களுக்குத் தன்னம்பிக்கை கூடியது. பிறகு அவர்களைப் படம்பிடித்த குரலில்லாத வீடியோவைப் பெண்களுக்குப் போட்டுக்காட்டியபோது, வாசனை அடித்தவர்களே அதிகக் கவர்ச்சியாகத் தெரிந்தார்கள். வீடியோவில் வாசனை வராது. அவர்களின் அசையாப் புகைப்படங்களில் அந்த வேறுபாடு தெரியவுமில்லை. உட்கார்ந்த விதம், தலையசைப்பு, முகத்தின் தெம்பு, இவற்றில்தான் சென்ட் வேலை செய்திருக்கிறது. குணம் சென்ட்டைத் தேர்ந்தெடுத்தது என்பதைவிட, சென்ட் அன்றைய நடத்தையைக் கொஞ்சம் திருத்தியது என்பதுதான் பொருத்தம். கூச்ச சுபாவக்காரர் ஒருவர் தன்னை ஆறுதல்படுத்த வனிலா பூசலாம். வாயாடி ஒருவர் கூட்டத்தில் தனித்துத் தெரிய அதே வனிலாவைப் பூசலாம். வெளியிலிருந்து முகர்கிறவருக்கு இரண்டும் ஒரே வாசனை.

குணம் எங்காவது கசிகிறது என்றால் அது வாசனையின் வகையில் இல்லை, அளவில் இருக்கலாம் என்பது என் எண்ணம். மூடிய ஏசி அறையில் பத்துப் பேர் மூச்சுவிட வேண்டியிருக்கும்போது எட்டு முறை அடித்துக்கொண்டு வருகிறவரைப் பற்றி ஏதோ சொல்லலாம் போலத் தோன்றும். அதிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரே வாசனை விடாமல் வந்தால் மூக்கு சில நிமிடங்களில் அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். தினமும் ஒரே சென்ட் பூசுகிறவருக்குத் தான் எவ்வளவு மணக்கிறோம் என்பது கடைசிவரை தெரியாது. குறைந்துவிட்டதாக நினைத்து இன்னும் இரண்டு முறை அடிப்பார். வெயில் நாட்டில் இது இன்னும் சிக்கல். சூடான தோலிலிருந்து வாசனை வேகமாகக் கிளம்பும். பாரிஸின் குளிர்காலக் கோட்டுக்குள் அடக்கமாக இருக்கும் கேரமல், மே மாதச் சென்னையில் தெருமுனைவரை போகும். வெனிலின், எத்தில் மால்ட்டால் போன்றவை துணியில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாத ரகம் வேறு. இனிப்பு வாங்க நினைப்பவர் கடைக்காரர் நீட்டும் காகிதப் பட்டையை முகர்ந்தவுடன் பணம் கட்டாமல், மணிக்கட்டில் ஒரு முறை அடித்துக்கொண்டு வெளியே போய் வெயிலில் இரண்டு மணி நேரம் கழித்து முகர்வது நல்லது. மேல்வாசனை பறந்து, அடியில் மிஞ்சுவது பிடித்திருந்தால் வாங்கலாம். அட்டையில் இருக்கும் குணவருணனையைப் படிக்கவேண்டிய அவசியமே இல்லை. லிஃப்டில் பக்கத்தில் நிற்பவரிடமிருந்து பஞ்சுமிட்டாய் வாசனை வந்தால், அவரிடம் பஞ்சுமிட்டாய் சென்ட் ஒன்று இருக்கிறது என்பதைமட்டும் தெரிந்துகொள்ளலாம். மற்றதை அவர் பேசினால்தான் தெரியும்.